நகரத்துக்கு மாற்றுப்பாதை... மலைக்கு மட்டும் டோலியா?



காலையில் வேலைக்குக் கிளம்புறீங்க. நேற்று வரை நேராகப் போன தெரு இன்றைக்கு இரும்புத் தகடு போட்டு அடைச்சிருக்கு. "பணிகள் நடைபெறுகின்றன, மாற்றுப்பாதையில் செல்லவும்" என்று மஞ்சள் பலகை. இருபது நிமிடப் பயணம் ஐம்பது நிமிடம் ஆகிறது. வாயில் வராத வார்த்தை இல்லை. நம்ம பக்கத்தில் நீங்கள் போடும் கருத்துகளைப் படிக்கிறோம். உங்கள் கோபம் நியாயமானது.

சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. 3 வழித்தடங்கள், ஏறத்தாழ 118 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மயிலாப்பூர் லஸ் முனை, பனகல் பூங்கா, ஆற்காடு சாலை என்று ஊரின் நடுநெஞ்சைத் திறந்து வேலை பார்க்கிறார்கள். வேலூரில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருக்களில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த அனுபவத்தை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிச்சீங்களா? நகரத்தில் சாலையை அடைத்தால் கூடவே ஒரு மாற்றுப்பாதை வருகிறது. பலகை வைக்கிறார்கள். போக்குவரத்துக் காவலர் நிற்கிறார். எந்தப் பேருந்து எந்த வழியாகத் திருப்பி விடப்படும் என்று முந்தின நாளே செய்தித்தாளில் வருகிறது. தாமதமாகப் போகிறோம், ஆனாலும் போய்ச் சேர்கிறோம். "இந்த வழியாகத் தினமும் ஆள் போகிறான், அவன் போயாக வேண்டும்" என்பதை அரசு முதலிலேயே ஒப்புக்கொள்கிறது.

அந்த ஒப்புதல் ஜவ்வாது மலையில் இல்லை. இன்றைய தலையங்கம் அதைப் பற்றித்தான்.

▪️ ஒரே மலை, மூன்று மாவட்டம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகள் அணைக்கட்டு ஒன்றியத்தில், வேலூர் மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஊராட்சிகள் 2019 நவம்பரில் பிறந்த திருப்பத்தூர் மாவட்டம். காடு ஒன்று, மக்கள் ஒன்று, சாமி ஒன்று, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு ஒன்று. மாவட்ட ஆட்சியர் மட்டும் மூன்று பேர்.

இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமை, புளி, பலா, சீத்தாப்பழம், கொய்யா, தேன் என்று மலை கொடுப்பதை எல்லாம் கீழே இறக்கினால்தான் காசு. சந்தை கீழே. பெரிய மருத்துவமனை கீழே. கல்லூரி கீழே. சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரியும் பல ஊர்களுக்குக் கீழேதான். ஆக, இந்த மக்களுக்கும் ஒரு தினசரிப் பயணம் இருக்கிறது. நாம்தான் அதை அப்படிப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

இந்த மலைமேல் சாலையே போட முடியாது என்று யாராவது சொன்னால் காவலூரைக் கைகாட்டுங்கள். ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் வைனு பாப்பு வானாய்வகம். 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று. 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கண்ணாடியை ஒரு கீறல் விழாமல் மலைமேல் ஏற்ற முடிந்தது. அறிவியலுக்காகச் சாலை போட்டதில் நமக்குப் பெருமைதான். அதே மலைத்தொடரில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கீழே இறக்கக் கம்பில் போர்வையைக் கட்டி, நான்கு பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது என்பது வெட்கம்.

▪️ இரண்டு தேதிகள்

2022 ஏப்ரல் 2. திருப்பத்தூர் மாவட்டம், புதூர்நாடு அருகே புலியூரைச் சேர்ந்த மக்கள் சேம்பரை மலைக்கோயிலுக்குச் சரக்கு வேனில் ஏறிப் போனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். ஏற்றத்தில் வேன் நிலைதடுமாறிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 உயிர்கள் போயின.

மறுநாள் என்ன பேசினார்கள் என்று நினைவிருக்கா? "சரக்கு வண்டியில் ஆள் ஏற்றலாமா?" என்று கேட்டார்கள். ஏற்றக் கூடாதுதான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எதிர்க்கேள்வி ஒன்றை யாரும் கேட்கவில்லை. பேருந்து ஏற முடியாத பாதையில், நடக்க முடியாத பாட்டியும் கைக்குழந்தைக்காரியும் வேறு எதில் ஏறுவார்கள்? ஆசைப்பட்டா அந்த வண்டியில் ஏறினார்கள்?

2023 மே மாதம். வேலூர் மாவட்டம், அணைக்கட்டு ஒன்றியம், அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை. ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. கீழே கொண்டு வந்து சேர்ப்பதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அதோடு முடியவில்லை. பிரேதப் பரிசோதனை முடித்து அனுப்பிய ஆம்புலன்ஸ், பாதை சரியில்லை என்று பாதியிலேயே இறக்கிவிட்டது. பெற்ற தாய் தன் பிள்ளையின் உடலைத் தோளில் போட்டுக்கொண்டு பல கிலோமீட்டர் மலையேறினாள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது.

பாம்புக்கடிக்கு மருந்து இல்லாமல் இல்லை. விஷமுறிவு மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. நகரத்தில் சாலைப்பணியால் போகும் அரை மணி நேரம் நமக்கு எரிச்சல். மலையில் போகும் அரை மணி நேரம் ஓர் உயிர்.

▪️ மலையில் சாலை போடுவது எப்படி?

இதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் நம் கோரிக்கைக்கு வலு. "போடச் சொன்னால் போடலாமே" என்று சொல்லிவிடுவது சுலபம்.

ஒற்றையடிப் பாதை மலையில் நெட்டுக்குத்தாக ஏறும். ஆள் ஏறிவிடுவான், வண்டி ஏறாது. மலைச்சாலையில் 100 மீட்டர் போனால் 5, 6 மீட்டர் உயர்வதுதான் வழக்கமான கணக்கு. 500 மீட்டர் உயரம் ஏற வேண்டுமென்றால், 6 மீட்டர் கணக்கில்கூட 8 கிலோமீட்டருக்கு மேல் சாலை வளைந்து வளைந்து போக வேண்டும். அதனால்தான் கொண்டை ஊசி வளைவுகள். கால்நடையாகக் குறுக்கே இறங்கினால் கொஞ்ச தூரம்தான் என்று பெரியவர்கள் சொல்வதும் உண்மை, சாலைக்கு அத்தனை கோடி ஆகும் என்று பொறியாளர் சொல்வதும் உண்மை.

முதலில் மலைச்சரிவை வெட்டி மட்டம் எடுக்கிறார்கள். வெட்டிய பக்கம் மண் சரியாமல் தடுப்புச்சுவர், பள்ளத்துப் பக்கம் தாங்குசுவர். ஓடை குறுக்கிடும் இடமெல்லாம் சிறுபாலம். மலைப்பக்கம் ஓரமாகத் தண்ணீர் ஓட வாய்க்கால். அப்புறம் ஜல்லி, அதற்கு மேல்தான் தார். நாம் படம் எடுத்துப் போடுவது தாரை. சாலையைக் காப்பாற்றுவது வாய்க்காலும் சிறுபாலமும். தண்ணீர் போக வழி வைக்காமல் தாரை மட்டும் ஊற்றினால், அடுத்த ஐப்பசி மழையில் அது பெயர்ந்து ஓடையில் கிடக்கும்.

சரிவை வெட்டுவது விளையாட்டில்லை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை நகரிலேயே மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. சாலை வேண்டும் என்று குரல் கொடுப்பவர்கள்தான், சரியான சாலை வேண்டும் என்றும் குரல் கொடுக்க வேண்டும்.

▪️ ஒரு ஹெக்டேர் கணக்கு

"எல்லாம் சரி, வனத்துறை விடமாட்டேங்குது" என்பது மலையில் எங்கே போனாலும் கேட்கும் பேச்சு. பாதை காப்புக்காடு வழியாகப் போகிறது. காட்டு நிலத்தில் அனுமதியில்லாமல் ஒரு கூடை ஜல்லிகூடக் கொட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? வன உரிமைச் சட்டம், 2006, பிரிவு 3(2)-ஐ ஒவ்வொரு தோழரும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்காகக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். நிபந்தனைகள் இரண்டு: ஒவ்வொரு வசதிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பரிந்துரை இல்லாமல் இந்த வழி திறக்காது. பழங்குடி மக்களின் கையில் சட்டம் கொடுத்த சாவி இது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 1 ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். ஒருவழிக் கிராமச் சாலையின் தார்ப்பகுதி அகலம் 3.75 மீட்டர். வகுத்தால் 2,666 மீட்டர். ஓரமும் வாய்க்காலும் சேர்த்து 6 மீட்டர் என்று வைத்தால் 1,666 மீட்டர். அவ்வளவுதான்! ஒரு மலைப்பாதை காட்டுக்குள் 6 கிலோமீட்டர் போகிறது என்றால் 3.6 ஹெக்டேர் வேண்டும். 1 ஹெக்டேர் வரம்பைத் தாண்டிவிட்டது. தாண்டினால் வனப் பாதுகாப்புச் சட்டம், 1980-இன் கீழ் ஒன்றிய அரசின் ஒப்புதல் வரை கோப்பு பயணிக்க வேண்டும். ஈடாக வேறு இடத்தில் காடு வளர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். மலைவாசி நடக்கும் தூரத்தைவிட அவனுடைய கோப்பு நடக்கும் தூரம் அதிகம்.

இன்னொரு உண்மையும் பேசுவோம். 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் வன உரிமைச் சட்டத்தின்படி பட்டா வழங்குவது தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வேகம் பிடித்தது. மற்ற மாநிலங்கள் ஓடத் தொடங்கிய இடத்தில் நாம் எட்டு ஆண்டு நின்றோம்.

▪️ திட்டங்களின் வலையில் நழுவும் மலை

"ஒன்றிய அரசுத் திட்டம்தான் இருக்கே?" என்று கேட்பவர்களுக்கு.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது. சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்புக்குச் சாலை. மலை மாநிலங்களிலும் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் இருந்தாலே போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. நாம் மலை மாநிலமும் இல்லை. ஆகவே ஜவ்வாது மலையின் உயரம் மாறாவிட்டாலும், அட்டவணை என்ற வாசல் வழியாக அந்தச் சலுகை இங்கே வராது. முப்பது, நாற்பது வீடுகள் உள்ள கொல்லைகளும் மரத்தூர்களும் 500 பேருக்கு எங்கே போகும்?

2023 நவம்பரில் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்தில் 100 பேர் இருந்தாலே சாலை உண்டு. ஆனால் அது மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று பட்டியலிடப்பட்டவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள். அவர்களுக்குக் கிடைப்பதை வரவேற்கிறோம், முழுதாகக் கிடைக்கட்டும். மலையாளி மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு திட்டத்துக்கு இவர்கள் எண்ணிக்கையில் குறைவு, இன்னொரு திட்டத்துக்கு இவர்கள் நலிவில் குறைவு!

ஆக, பொறுப்பு மாநில அரசின் தோளில்தான் விழுகிறது. பழங்குடிக் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக 2024-25 நிதிநிலை அறிக்கையில் தொல்குடி திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் ஜவ்வாது மலையின் சாலைகளுக்கு எவ்வளவு என்று கேட்பது நம் வேலை. ஆட்சியில் யார் இருந்தாலும் இந்தக் கேள்வி மாறாது.

▪️ வேலை நடக்கும்போது மக்கள் எப்படிப் போவார்கள்?

தலைப்புக்கு வருவோம். ஒருவழியாக அனுமதி வந்து, ஜேசிபி ஏறிவிட்டது என்று வையுங்கள். ஊரே பொங்கல் வைக்கும். ஆனால் அன்றிலிருந்துதான் இன்னொரு கஷ்டம் ஆரம்பிக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பழைய ஒற்றையடிப் பாதையை வெட்டித்தான் புதுச் சாலை வருகிறது. வெட்டிப் போட்ட மண் பாதைமேலேயே குவிகிறது. நேற்று வரை செருப்பில்லாமல் இறங்கிய வழியில் இன்று முழங்கால் சேறு. பைக்கில் பால் கேனும் புளி மூட்டையும் கட்டிக்கொண்டு வந்தவன் வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுத் தலைச்சுமையாக ஏறுகிறான். பெரிய ஜல்லி கொட்டி, அதன்மேல் ஒன்றும் போடாமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டால் நடப்பவனுக்குக் கால் போகும், ஓட்டுபவனுக்கு டயர் போகும். மழை வந்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் இயந்திரம் கீழே இறங்கிவிடும். அப்புறம் எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மாணவியை நினைத்துப் பாருங்க. விடிவதற்கு முன்னால் எழுந்து, டார்ச் லைட்டோடு இறங்கி, அடிவாரத்தில் முதல் பேருந்தைப் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறாள். பாதை வெட்டியிருப்பதால் முக்கால் மணி நேரம் கூடுதல். பேருந்து போய்விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. பத்து நாள் இப்படியென்றால் சமாளிப்பாள். ஒரு பருவம் முழுக்க இப்படியென்றால், வீட்டில் "போதும்மா படிச்சது" என்று சொல்லிவிடுவார்கள். கணக்கில் அது இடைநிற்றல் என்று பதிவாகும். சாலைப்பணி என்று எங்கேயும் பதிவாகாது.

பழங்குடிக் குழந்தைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளிகள் ஏன் என்று யோசித்ததுண்டா? தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வர முடியாது என்பதும் ஒரு காரணம். ஆறு வயதுப் பிள்ளை அம்மாவை விட்டு விடுதியில் தூங்குகிறது. சாலை இல்லாததற்கு அந்தக் குழந்தை கொடுக்கும் விலை அது.

பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021இலிருந்து இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பேருந்தே ஏறாத ஊரின் பெண்ணுக்கு, கட்டணமும் இல்லை, பயணமும் இல்லை.

வேலை கிடைக்காத மலையில் இளைஞர்கள் என்ன ஆகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கேரளத்துக்கு, பெங்களூருக்கு, திருப்பூருக்கு என்று போகிறார்கள். சிலரை மரக்கடத்தல் கும்பலின் தரகர்கள் ஆந்திரக் காட்டுக்கு ஏற்றிப் போனார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் 20 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைப் பகுதியிலும் பிணங்கள் வந்திறங்கின. தரகனின் வண்டி வரும் ஊருக்குப் பேருந்து வரவில்லை என்றால் தப்பு யார் மேல்?

▪️ "சாலை வந்தால் காடு அழியாதா?"

நம் தோழர்களிலேயே சூழல் அக்கறை உள்ளவர்கள் கேட்கும் கேள்வி இது. தட்டிக்கழிக்கக் கூடாது.

சந்தன மரத்துக்குப் பேர்போன மலை இது. அந்த மரங்களை வெட்டிக் கடத்தியதில் லாபம் பார்த்தவர்கள் யார்? டோலி தூக்கியவர்களா? சாலை இல்லாத காலத்திலேயே கடத்தல் நடந்தது. ஆகவே சாலையை மறுத்தால் காடு பிழைக்கும் என்பது சரியான வாதமில்லை.

ஆனால் அச்சத்தில் நியாயமும் உண்டு. அகலமான சாலை வந்தால் பின்னாலேயே சொகுசு விடுதிக்காரர்கள் வருவார்கள், நிலத் தரகர்கள் வருவார்கள். ஏலகிரியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால்தான் நாம் நான்குவழிச் சாலை கேட்கவில்லை. ஒரு பேருந்தும் ஓர் ஆம்புலன்ஸும் பத்திரமாக ஏறி இறங்கும் ஒருவழிச் சாலை, எதிரில் வரும் வண்டிக்கு ஒதுங்க அங்கங்கே இடம், தண்ணீர் போக வாய்க்கால். அவ்வளவுதான் கேட்கிறோம். எங்கே போட வேண்டும், எந்த மரத்தை விட்டு வளைக்க வேண்டும் என்பதை அந்தக் காட்டைத் தலைமுறையாக அறிந்த கிராம சபையே சொல்லட்டும்.

▪️ நமது கோரிக்கைகள்

1. மூன்று மாவட்டங்களுக்கும் ஒரே மலைச்சாலைத் திட்டம். மாவட்ட எல்லை வந்ததும் தார் நின்றுபோகும் கூத்து முடியட்டும். மூன்று ஆட்சியர்களும் வன அலுவலர்களும் ஒரே மேசையில் உட்காரட்டும்.

2. 1 ஹெக்டேருக்குள் வரும் பாதைகளுக்கு வன உரிமைச் சட்டம் 3(2)-இன் கீழ் உடனடி அனுமதி. அதைத் தாண்டும் பாதைகளுக்குக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று மக்களுக்குத் தெரியும்படி அறிவிப்பு.

3. மலைகளில் 1.5 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்துக் கணக்கிட பிரதமரின் கிராமச் சாலைத் திட்ட விதியிலேயே இடம் உண்டு. அப்படிச் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். அப்படியும் சேராத ஊருக்கு மாநில நிதி.

4. வேலை நடக்கும்போது மாற்றுப்பாதை கட்டாயம். வெட்டும் வேலை தை முதல் வைகாசி வரை. மழைக்கு முன் சிறுபாலமும் வாய்க்காலும் முடிய வேண்டும். வேலை முடியும் வரை அடிவாரத்தில் ஆம்புலன்ஸ், மலைமேல் பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் முதலுதவி தெரிந்த செவிலியர்.

5. சாலை முடிந்த அன்றே பேருந்து. காலை ஒன்று, மாலை ஒன்றாவது. பேருந்து ஓடாத சாலை திறப்புவிழாப் பலகைக்குத்தான் உதவும்.

▪️ நீங்கள் என்ன செய்யலாம்?

லைக் போட்டுவிட்டுப் போகாதீங்க தோழர்களே.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மலை ஊராட்சிகளில் இருக்கும் நம் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே சாலைத் தீர்மானத்தை வையுங்கள். வன உரிமைச் சட்டப்படி நடக்கும் கிராம சபை என்றால் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அதைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு யாரும் "கோரம் இல்லை" என்று தள்ளிவிட முடியாது.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால், ஒப்பந்ததாரர் 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். சாலை தொடங்கும் இடத்தில் விவரப் பலகை இருக்கும். அதைப் படம் எடுத்து, பெயர்ந்த இடத்தையும் படம் எடுத்து, இரண்டையும் சேர்த்து மனுவாகக் கொடுங்கள். வெறும் புலம்பலைவிட அந்த இரண்டு படங்களுக்கு வலிமை அதிகம்.

நகரத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக் காலையும் உங்கள் தெருவில் அந்த மஞ்சள் பலகை இருக்கும். தாமதமாகும், எரிச்சல் வரும். உங்கள் தெருவில் வேலை சீக்கிரம் முடியணும்னு கேளுங்க, நாங்களும் கூட நின்னு கேட்கிறோம். அதே மூச்சில் அல்லேரிக்கும் சேம்பரைக்கும் சேர்த்துக் கேளுங்கள். வேலூர் மண்டித் தெருவில் நீங்கள் வாங்கும் புளியும், மழைக்காலத்தில் தெருமுனையில் வாங்கும் சீத்தாப்பழமும் யாரோ ஒருவர் தலைச்சுமையாக இறக்கியதாக இருக்கலாம்.

மலைமேல் இருக்கும் அம்மாவுக்கும் போய்ச் சேர வேண்டிய இடம் இருக்கிறது. அவள் போய்ச் சேரும் வரை நாம் பேசுவோம்.

பகிருங்கள். மலையில் இருக்கும் உங்கள் நண்பருக்கு அனுப்புங்கள். உங்கள் ஊர்ப் பாதையின் நிலையைக் கருத்தில் பதிவிடுங்கள்.

#ஜவ்வாதுமலை #மலைக்கும்_சாலை #டோலி_போதும்